முகாம் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவன் கையில் மைக்கைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்கள் ஹெச்.ஆர். ஆட்களுக்குத் தெரியவில்லை பாவம். நான் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். "சார், கஸ்டமர் ஸ்பெக் கொடுக்கிறாங்க. நாம அதுப்படி செஞ்சு கொடுக்கிறோம். பொருள் எங்க போகுது, எதுக்குப் போகுதுன்னு நமக்கு எதுக்கு சார்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு, கொடுத்த வடையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஷிஃப்ட் பஸ்ஸில் தூங்காமல் படியுங்கள்.

1991. உங்களில் பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் அப்போது கார் கம்பெனி கிடையாது. வேலிக்காத்தானும் ஏரிக்கரையும்தான். பென்னலூர் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பெரிய ஷெட்டில் எங்கள் கம்பெனி இருந்தது. நான் டிப்ளமா முடித்துவிட்டு அங்கே டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் ஒரு டிராயிங் போர்டு, ஒரு ஸ்டூல், அதன் மேல் நான். அவ்வளவுதான்.

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கு பார்த்தாலும் போலீஸ், லாட்ஜ் லாட்ஜாகச் சோதனை, சந்தேகம். அந்த நேரம் பார்த்து எங்கள் ஷெட் வாசலில் ராணுவ லாரிகள் வந்து நின்றன. டீக்கடையில் எங்களைக் கண்டாலே பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். உள்ளே என்னவோ குண்டு செய்கிறோம் என்று நினைப்பு. நாங்கள் செய்தது வீடு.

வடக்கே லடாக்கில், ஒரு கணவாய்க்கு மேலே இருந்த முகாமுக்கான வீடு அது. கூடாரத்தில் கிடந்து விறைத்துக்கொண்டிருந்த ஜவான்களுக்காக, ஃபைபர் தகடுகளுக்கு நடுவே ஃபோம் அடைத்த பலகைகளால் ஆன சின்ன அறை. பலகைகளைத் தனித்தனியாகக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் மேலே பூட்டிக்கொள்ளலாம். ஆர்டரில் ஷெல்டர் என்று போட்டிருக்கும். எங்கள் ஷாப்பில் அதற்கு டப்பா என்றுதான் பேர்.

ஆர்டரோடு வந்த விவரம் கொஞ்சம்தான். அளவு, எடை, எத்தனை பேர் படுப்பார்கள், வெளியே எவ்வளவு குளிர், ஒரு கதவு, ஒரு வென்டிலேட்டர். வென்டிலேட்டர் எந்தச் சுவரில் என்று இல்லை. நான் அதைக் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் வைத்தேன். யோசித்து வைக்கவில்லை, கை தானாக வைத்தது. நம் பக்கத்தில் வீடு கட்டுகிற எந்தக் கொத்தனாரும் அப்படித்தான் வைப்பார். வாசலில் நுழைந்த காற்று எதிரே வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் சித்திரையில் மனிதன் அவிந்துபோவான்.

டப்பா குளிர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் குளிருக்கு எங்கே போவது? எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாத சுவர், வெளியே இருக்கிற சூட்டையும் உள்ளே விடாது அல்லவா? கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து ஐஸ் பாளங்களை உமி போட்ட லாரியில் கொண்டுவந்து டப்பாவுக்குள் அடுக்கி, வென்டிலேட்டரையும் மூடிக் கதவைச் சாத்தினோம். மறுநாள் காலையில் திறந்தால் பாளங்கள் கொஞ்சம் இளைத்துப்போய் அப்படியே நின்றன. பென்னலூர் ஜனம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கரும்புச் சாறு விற்கிறவர் மிச்ச ஐஸைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "எறும்பு நுழைய இடமில்லப்பா" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் என்று எங்களுக்குத் தெரியும். அதன் புகைக்குழாய் வெளியே போகக் கூரையில் வழியும் விட்டிருந்தோம். மாதிரிக்கு ஓர் அடுப்பையே ராணுவம் அனுப்பிவைத்திருந்தது. ஆனால் அதை மூட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே அடுப்பை எரியவிட்டுப் பார்க்கலாம் என்று எவனாவது சொல்லியிருந்தால், வெயில் தலைக்கேறிவிட்டது, போய் மோர் குடி என்றுதான் சொல்லியிருப்போம். வேறு ஊரில் யாராவது இந்த டப்பாவைச் செய்திருந்தால் முதல் வேலையாக அடுப்பைத்தான் மூட்டியிருப்பார்கள். எங்கள் வெயில் எங்கள் புத்தியை மறைத்தது.

ஆடி மாதம் டப்பாக்களோடு நானும் ஃபிட்டர் ஏசுதாஸும் மேலே போனோம். தாஸண்ணன் பென்னலூர்க்காரர், என்னைவிட மூத்தவர். வாய் ஓயாது. அங்கே ஏறின முதல் நாள் அவருக்கே பேச்சு வரவில்லை. நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மரம் இல்லை, புல் இல்லை, கல்லும் வானமும்தான்.

முகாமில் ஒரு சுபேதார் இருந்தார், குடியாத்தத்துக்காரர். தமிழ் காதில் விழுந்ததும் ஓடி வந்து தாஸண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூச்சு திரும்பியதும் தாஸண்ணன் கேட்ட முதல் கேள்வி இதுதான். "இன்னாத்துக்குண்ணா இங்க வந்து குந்திகினு கீறீங்க? ஒரு புல்லு பூண்டு மொளைக்கல. இத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

சுபேதார் சிரித்துக்கொண்டே எங்களை முகட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினார்.

"அதோ போவுது பாரு ரோடு. அந்தாண்ட கீற அத்தினி ஊருக்கும், அத்தினி பட்டாளத்துக்கும் அரிசி, மண்ணெண்ண, மருந்து எல்லாம் அந்த ஒத்த ரோட்டுலதான் போவணும். அதுவும் பனி இல்லாதப்ப மட்டும். எதிர்ல கீற மலையில அவன் கீறான். நாம இங்க இல்லன்னு வெச்சிக்க, அவன் வந்து குந்திப்பான். குந்திகினு ஒவ்வொரு லாரியா அடிப்பான். ரோடு போச்சின்னா அந்தாண்ட கீறவன்லாம் குளிர்ல பட்டினியா சாவணும்."

"அப்ப பனி வந்ததும் எறங்கிட வேண்டியதானே? பனியில எவன் லாரி ஓட்றான்?" என்றார் தாஸண்ணன்.

"முன்ன அப்படித்தாம்பா இருந்திச்சி. குளிர் வந்தா அவனும் எறங்கிடுவான், நாமளும் எறங்கிடுவோம். மல சும்மா கெடக்கும். அப்புறம் ஒரு குளிருக்கு ஒருத்தன் எறங்கல. யார் மொதல்லன்னு கேக்காத, அவன்ட்ட கேட்டா நம்மள சொல்லுவான். அன்னியிலேர்ந்து ரெண்டு பேராலயும் எறங்க முடியல. இந்த முகாம் சண்ட போடறதுக்குன்னு கட்டல. எறங்காம குந்திகினு இருக்கறதுக்கு கட்டினது. நாம அவன பாத்துகினே இருக்கணும், அவன் நம்மள பாக்கக் கூடாது. அவ்ளோதான் வேல."

நான் அதைக் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போய்ச் சொல்ல நல்ல கதை என்று தோன்றியது. முகாமில் இருந்த எல்லாக் கூடாரங்களின் வாசலும் நம் பக்கச் சரிவைப் பார்த்துத்தான் இருந்தன. எதிர்மலையைப் பார்த்து வாசல் வைத்தால் வெளியே வருகிறவனைக் குறிபார்த்து விடுவான். எங்கள் டப்பாக்களையும் அப்படியே, கதவு நம் பக்கமாக நிறுத்தினோம். கதவு நம் பக்கம் என்றால், அதற்கு எதிரே நான் வைத்த வென்டிலேட்டர் எந்தப் பக்கம் பார்க்கும்? இதைக் கண்டுபிடிக்க டிப்ளமா தேவையில்லை. ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் டப்பாவை இன்னும் மேலே, கடைசிக் காவல் முனைக்குக் கொண்டுபோய்த் தாஸண்ணன் பூட்டிவிட்டு வந்தார். குளிர்காலம் முழுக்க அந்த முனைக்குத் தலைவர் நம் குடியாத்தம் சுபேதார்தான். ஆட்களோடு அவர் ஏறிப்போன அன்று, தாஸண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயை அப்படியே ஜாடியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். மற்ற டப்பாக்களைக் கீழ் முகாமில் பூட்டிக்கொண்டிருந்தோம்.

அங்கே தினமும் காலையில் எங்களுக்கு டீ கொண்டுவருகிற ஜவான் பிஷன் சிங். இமயமலையில் கட்வால் பக்கத்து ஆள். தாஸண்ணனிடம் தமிழில் கெட்ட வார்த்தையாகக் கற்றுக்கொண்டு, அதை அதிகாரிகள் முன்னாலேயே சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருப்பார். குளிர் இறுகிக்கொண்டு வந்தது. முதல் தடவையாக டப்பாக்களில் அடுப்பு மூட்டிப் படுத்தார்கள். மறுநாள் காலையில் டீ வரவில்லை.

தாஸண்ணன் போய்க் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. தோளால் இடித்துத் திறந்தோம். உள்ளே வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. பிஷன் சிங் போர்வைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அந்தக் குளிரில் எல்லாருக்கும் முகம் கறுத்து வெடித்திருக்கும். அவர் முகம் மட்டும் சிவந்து, காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரி இருந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவர் வாந்தி எடுத்துக்கொண்டு முனகினார். அவரை வெளியே இழுத்துப் போட்டோம், அவர் பிழைத்தார்.

எதிர்ச் சுவரில் என் வென்டிலேட்டர். அதில் ஒரு கோணிப்பையை நாலாக மடித்து, இடுக்கு விடாமல் அழகாக அடைத்திருந்தார்கள்.

"இதை யார் அடைத்தது?" என்று நான் கத்தினேன். முகாமுக்குப் பொறுப்பான மேஜர் பக்கத்தில்தான் நின்றார். "நான்தான் அடைக்கச் சொன்னேன்" என்றார். என்னை வெளியே கூட்டிப்போய், டப்பாவின் பின்பக்கம் நிறுத்தி, வென்டிலேட்டருக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். எதிரே அந்த மலை. உள்ளே ஒரு லாந்தர் எரிந்தாலும் அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது தெருவிளக்கு. "பொழுது சாய்ந்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. இந்த முகாம் இங்கே இருப்பதே அதற்குத்தான். இது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். சுபேதார் சொல்லியிருந்தார். வெளிக்காற்று வராத அறையில் அடுப்பு சரியாக எரியாது, புகைக்குழாய் இருந்தும் மணமில்லாத நச்சுக்காற்று உள்ளேயே தங்கிவிடும். கூடாரத்தில் இருந்தபோது ஆயிரம் இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது, அதே அடுப்பு யாரையும் கொல்லவில்லை. எறும்பு நுழையாத டப்பாவைச் செய்து கொடுத்தது நாங்கள்.

அன்று பகல் முழுக்க நான் எதையும் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. வேலை இருந்தது. டப்பாவைக் காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்றால், திரும்பக் கூடாரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போன குளிரில் எத்தனை பேருக்கு விரல் அழுகியது என்று டாக்டர் சொன்னார். அடுப்புப் புகைக்குழாயில் உபரியாக இருந்த முழங்கைத் துண்டுகளைத் தேடி எடுத்தோம். காற்று வளைந்து வரும், வெளிச்சம் வளைந்து போகாது. வென்டிலேட்டரை மூடிவிட்டு அந்த வளைந்த குழாயைப் பக்கச் சுவரில் பதித்தோம். ராணுவத்தில் சுவரை வெட்ட அனுமதி வாங்க ஆறு மாதம் ஆகும். மேஜர் யாரிடமும் கேட்கவில்லை, ரம்பத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். தாஸண்ணன் வெட்டினார். கீழ் முகாமுக்குத் துண்டுகள் போதுமாக இருந்தன.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் இப்போது ஏதாவது கோளாறு வந்தால் 'ஏன், ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு ஒரு படிவத்தை நிரப்புகிறீர்கள். நல்ல பழக்கம்தான், நான் கேலி செய்யவில்லை. நிறையப் பேர் ஏற்கெனவே யோசித்து வைத்த பதிலுக்குப் பின்னோக்கி 'ஏன்' போடுகிறீர்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த ஐந்து ஏனும் பொருளைப் பற்றியே இருக்கும். பொருள் போய் உட்காரும் இடம் ஏன் அங்கே இருக்கிறது, அங்கே இருப்பவன் எதற்குப் பயப்படுகிறான் என்று ஒரு ஏன்கூட அதில் இல்லை. அவன் பயம்தான் உங்கள் பொருளை என்ன செய்வது என்று முடிவு செய்யும். நீங்கள் ஒரு வழி திறந்து வைத்தால் அவன் கோணியை வைத்து அடைப்பான்.

மேல் முனை மிச்சம் இருந்தது, அங்கேயும் வென்டிலேட்டரை அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். குழாய்த் துண்டோடு ஆட்களை அனுப்பலாம் என்று மேஜர் ஏற்பாடு செய்தார். அதற்குள் பனி விழ ஆரம்பித்து, பாதை மறைந்துவிட்டது. அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது என்றார்கள். மேகம் கலைந்தால்தான் ஹெலிகாப்டர். மேகம் கலையவில்லை. இருந்தது ரேடியோ மட்டும். அதிலும் நீளமாகப் பேச முடியாது. எதிர்ப்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பான்.

மேஜர் என்னிடம் திரும்பினார். "ஒரு வரிதான் போகும். அடுப்பு மூட்டலாமா, கூடாதா? சொல்லு."

சுவரில் ஓட்டை போடச் சொல்லலாம். வளைந்த குழாய் இல்லாமல் ஓட்டை போட்டால் வெளிச்சம் தெரியும். மேல் முனை இருப்பதே தெரியக் கூடாது. வேறு எதுவும் என் மூளைக்கு எட்டவில்லை. கண்ணை மூடினால் பிஷன் சிங்கின் சிவந்த முகம்தான் வந்தது. "தூங்கும்போது மூட்டக் கூடாது" என்றேன். மேஜர் அதை அப்படியே சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே, "டீக் ஹை சாப்", சரி ஐயா என்று சுபேதார் குரல் வந்தது. நான் சொன்ன வார்த்தை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

அதன்பின் கணவாய் மூடுவதற்குள் எங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஊருக்கு வந்து தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்நீர் தலையில் விழும்போதெல்லாம் மேல் முனைதான் ஞாபகம் வரும். பாதை திறக்கும்வரை ஒரு சேதியும் வராது என்று தெரியும். மழைக்காலம், மார்கழி, பொங்கல் எல்லாம் போனது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதுகூட அந்த இடைவெளியில்தான், சந்தோஷப்படுவதற்கே பயமாக இருந்தது.

அடுத்த கத்திரியில் ஒரு நாள் பகலில், கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். "யாரோ மிலிட்டரிக்காரரு சார். பஸ்ஸுலேர்ந்து எறங்கி வந்துகினு கீறாரு. நடக்க முடியல."

இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிக்கொண்டு சுபேதார் வந்தார். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து குடியாத்தத்துக்குப் போகிற வழி. அந்தப் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும், பாதியில் இறங்கிவிட்டார். இரண்டு பாதத்திலும் முன்பாதி இல்லை. குட்டையாக, உருண்டையாக ஒரு மாதிரி ஷூ போட்டிருந்தார். தாஸண்ணன் பார்த்ததும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். நிழலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தோம். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

"படுக்கறதுக்கு முன்ன அணைச்சிடுவோம்" என்று அவராகவே சொன்னார். "ஒரு நாளு கூட தூங்கறப்ப மூட்டல. புயலு வந்திச்சி. காவலுக்குப் போய்ட்டு ஈரக் காலோட வந்து படுப்போம். சாக்ஸு காயாது. ஒருத்தன் அழுதான், ஒரு மணி நேரம் மூட்டலாம் சாப்னு கால்ல வுயுந்தான். நான் வுடல. அவனுக்கும் வெரலு போச்சி, எனக்கு இப்படி ஆச்சி. ஆனா ஒருத்தனும் சாவல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுகினு போலாம்னு எறங்கினேன். மூட்டியிருந்தா செத்திருப்போமா?"

தாஸண்ணன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்கிறார் என்று புரிந்தது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை, வேலையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அன்று வாய் வரவில்லை.

"தெரியலிங்க" என்றேன். "ஒருத்தர் செத்ததைப் பாத்தேன். பயந்துட்டேன். அதான் அப்படிச் சொன்னேன்."

அவர் கோபப்படவில்லை. யார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி, இப்ப பாத்துருவோம். டப்பா கீதில்ல? அடுப்பு கீதில்ல?"

"இங்க பண்றது அங்க ஒத்து வராதுங்க. அங்க காத்தே கம்மி."

"காத்து இவ்ளோ கீற எடத்துலயே செத்தா, அங்க சாவாதா?"

யார்டில் ஒரு டப்பா முழுசாகப் பூட்டி நின்றது. மாதிரி அடுப்பைத் தூக்கிவந்து உள்ளே வைத்துப் புகைக்குழாயை மாட்டினோம். தாஸண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு நாட்டுக்கோழிகளைக் கொண்டுவந்தார். ஒன்றைக் கூடையால் கவிழ்த்து உள்ளே வைத்தோம். வென்டிலேட்டரில் கோணியை மடித்து அடைத்தது சுபேதார்தான். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுக்கு விடாமல் அடைத்தார். அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்தினோம். முதலாளி ஆபீஸ் வாசலில் வந்து நின்று பார்த்தார், என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. வெயிலில் ஷாப் ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரம் கழித்துத் திறந்தோம். கூடையைத் தூக்கினால் கோழி சாய்ந்து கிடந்தது. கொண்டை ரத்தச் சிவப்பாக இருந்தது. சுபேதார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இறகைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அந்தக் குளிர்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சு அது. "நீ சொன்னது சரிதாம்பா" என்றார். மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என் கண் டப்பாவின் கதவில் இருந்தது. மேலே அது நம் பக்கச் சரிவைப் பார்த்து நின்ற கதவு. அது கொஞ்சம் திறந்திருந்தால் வெளிச்சம் நம் சரிவில்தான் விழும், எதிர்மலைக்குத் தெரியாது. ரேடியோ முன்னால் நின்றபோது வராத யோசனை, கொளுத்துகிற வெயிலில், யார்டில் நிற்கும்போது வந்தது. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "கதவை ஒரு விரக்கடை திறந்து வெச்சிருந்தா…"

தாஸண்ணனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. குனிந்து இரண்டாவது கோழியைப் பிடித்தார்.

"வேணாம்" என்றார் சுபேதார்.

"ஒரு தடவ பாத்துடலாம்ணா."

"வேணாம்பா. எனக்கு இது போதும்." செத்த கோழியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கட்டைகளை எடுத்துக்கொண்டார். "நான் வூட்டுக்குப் போவணும்."

நெடுஞ்சாலைவரை தாஸண்ணன் தாங்கிக் கூட்டிப்போய் வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். வழியில் சுபேதார் குடியாத்தத்துக் கதையாகப் பேசிக்கொண்டு போனாராம். மகள் படிக்கிறாள், நிலத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறது என்று.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அடுத்த வண்டிக்கான பலகைகள் ஷெட்டில் சுவரோடு சாய்ந்து நின்றன, இன்னொரு முனைக்குப் போக. அதனால் எனக்கு அந்த உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை. பெண்ணே, நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். பயந்தவன் போடுகிற விதி பாதுகாப்பானதாகத்தான் தெரியும். அதைக் கடைப்பிடிக்கிறவன் வேறொருவன், கால் அவனுடையது.

மறுநாள் காலையில் நானும் தாஸண்ணனும் இரண்டாவது கோழியைக் கூடையில் கவிழ்த்தோம். வென்டிலேட்டரில் அதே கோணி. அடுப்பை மூட்டி, கதவில் ஒரு விரல் தடிமனுக்கு மரத்துண்டு வைத்துச் சாத்தினோம். அன்று சாப்பாட்டு மணிக்குப் பிறகும் திறக்கவில்லை, ஷிஃப்ட் முடிகிறவரை எரியவிட்டோம். கூடையைத் தூக்கினேன். கோழி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, என் காலைத் தாண்டி வெளியே நடந்தது. தாஸண்ணன் அதைத் துரத்திப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பென்னலூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.